பிப்ரவரிப் பழத்தை அக்டோபரில் கடித்தவர்

அன்பு மகள் ரோவீனாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நியூசிலாந்தில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், நாய் சுகம், உன் அப்பாவும் இதுவரை சுகம்தான், இனிமேல் எப்படியோ, அது என் கையில் இருக்கிறது.

நம்ம ஊரில் பழைய ஆப்பிள்களைக் கண்டுபிடிக்கிறார்களாம். தொலைந்தால்தானே கண்டுபிடிப்பதற்கு! அவரவர் கொல்லையில் பேசாமல் காய்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் போன சனிக்கிழமை சர்ச் கூடத்தில் தட்டுத் தட்டாக அடுக்கி, கடித்துப் பார்த்து, தேறியதை ஒட்டுக் கட்டி ஊர்த் தோட்டத்தில் நடுவது, தேறாத மரம் பொது நிலத்தில் இருந்தால் வெட்டிவிட்டு கார் நிறுத்த இடம் செய்வது என்று கமிட்டி ஏற்பாடு. கமிட்டித் தலைவர் யார், உன் அப்பா. புது டை வேறு. பக்கத்து வீட்டு வினிஃப்ரெட்டின் பழத்தைக் கடித்துக் கண்ணை மூடிச் சொக்கிப் போனாராம். அடுத்த தட்டில் சர்ச் சுவரோரத்து மரத்துப் பழம், சின்ன வயதில் நீ மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டே தூங்குவாயே, அதே பழம். பச்சைப் பசேலென்று கல் மாதிரி இருந்தது. அக்டோபரில் அது அப்படித்தான் இருக்கும். பறித்து, ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, மாடியில் பெட்டியில் வைத்து, கிறிஸ்துமஸ் எல்லாம் போன பிறகு பிப்ரவரியில் எடுத்தால்தான் மஞ்சளாகச் சுருங்கித் தேனாக இருக்கும் என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும். உன் அப்பா கடித்தார், முகத்தைக் கோணினார், கைக்குட்டையில் துப்பினார். "பன்னிகூடத் திங்காதுய்யா இத, மரத்த வெட்டித் தள்ளுங்க" என்றார். கூடமே சிரித்ததாம். வெட்டலாமா என்று கேட்டபோது முதலில் தூக்கிய கையும் அவருடையதுதான். ஆப்பிள் திருவிழா என்று கூட்டி ஆப்பிளுக்கே ஆப்பு வைத்துவிட்டார்.

நான் அப்போது உள்ளே அந்தக் கும்பலுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஏன்டி ஹெஸ்டர், உன் வீட்டுக்காரரு நாக்க எங்க அடகு வெச்சாரு?" என்று வினிஃப்ரெட் கேட்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் அந்தப் பழத்தைத் தட்டில்தான் பார்த்திருக்கிறார், மஞ்சளாக, சீஸ் துண்டோடு. மரத்தில் பார்த்ததே இல்லை. ஏணி பிடிக்கக்கூட ஒரு நாள் வந்ததில்லை. நேற்று சாப்பிட்டு முடித்துவிட்டு, "ஹெஸ்டர், அந்த பிப்ரவரி ஆப்பிள் இந்த வருஷம் ஒரு பெட்டி கூடுதலா வையேன், அதுமாதிரி ஒரு பழம் உலகத்துலயே கெடையாது" என்கிறார்! என் கையில் ரொட்டிக் கத்தி இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

அங்கேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் சொன்னால், பாவம் பொம்பளை மரத்துக்காக அழுகிறாள் என்று முடித்துவிடுவார்கள். துப்பின வாய்தான் எழுந்து நின்று வெட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இலை உதிர்ந்ததும் மரம் வெட்டுகிற ஆள் வந்துவிடுவான், அதற்கு முன்னால் இன்னும் ஒரு கமிட்டிக் கூட்டம்தான் இருக்கிறது. அதனால் நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் வந்ததும், அந்த பிப்ரவரி ஆப்பிள் எந்த மரத்தில் காய்க்கிறது, சின்னவன் கேட்கிறான் என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரிக் கேள். அவருக்குத் தெரியாது, என்னைத்தான் கூப்பிடுவார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே, சர்ச் சுவரோரத்து மரம்தான் என்று உனக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வேன். அதுவரை சிரித்துத் தொலைக்காதே.

சின்னவனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ஏணி ஏறப் பழக்கு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள்.

கோபத்தோடும் முத்தங்களோடும்,
அம்மா ஹெஸ்டர்

ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. பழம் எல்லாம் பறித்தாயிற்று, அவர் கேட்ட பெட்டியையும் சேர்த்துச் சுற்றி வைத்துவிட்டேன். அதில் ஒன்றாவது அவர் வாய்க்குப் போகுமா என்பதை அந்த வாய்தான் முடிவு செய்ய வேண்டும்.