நீ சொல்லாமல் போன ரேஸ்

மச்சான்,

இன்று காலை ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் ஒரு மணல் லொறி வந்தது. நடுத்தெருவில் மான் ஒன்று நின்றது. சாரதி மிதித்துப் பிடித்த பிடியில் பிரேக் கருகிய மணம் தெருவெல்லாம் எழும்பியது. மான் அசையவில்லை. நான் மருந்துப் பையோடு ஓரத்தில் நின்று அந்த மணத்தை மூக்கு நிறைய இழுத்தேன். பிறகு உன்னைத் திட்டினேன். வாய்விட்டுத்தான் திட்டினேன். பக்கத்தில் நின்ற மனுசி தன்னைத்தான் என்று நினைத்து விலகிப் போனாள்.

இதை நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "செத்த மனுசனுக்கு இப்பிடியே எழுதிறது, மாமா?" என்று கேட்டாள். "எழுது பிள்ளை. உயிரோட இருக்கேக்க அவன் எனக்குச் சொல்லேல்லை. இப்ப நான் சொல்லுறதை அவன் கேக்கட்டும்" என்றேன்.

நீ லொறி ஓட்டினாய், நான் உன் கிளீனர். துறைமுகத்தில் சீமெந்து ஏற்றிக்கொண்டு வெருகல் வரைக்கும் போய் வருவோம். வழியில் ஏதும் பலகை கண்டால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பேன். நீ வாசித்துச் சொல்லுவாய். எழுத்துத் தெரியாதவனிடம் நக்கல் விடாத ஆட்கள் குறைவு. நீ மற்ற எல்லாவற்றுக்கும் நக்கலடித்தாய், அதற்கு மட்டும் அடித்ததில்லை. அதனால்தான் உன் பக்கத்துச் சீற்றை விட்டு வேறு லொறிக்கு நான் மாறவில்லை. கூப்பிட்டார்கள், போகவில்லை.

வயது போய், இரண்டு பேரும் லொறியை விட்டு இறங்கின பிறகு, உன் மகள் அன்புவழிபுரத்தில் உன் வீட்டுக் கூரையில் டிஷ் பூட்டித் தந்தாள். அதில்தான் கார் ரேஸ் பிடித்துப்போனது. ஞாயிறு காலை மாதா கோயில், பின்னேரம் உன் ரீவி. ஓட்டுகிறவர்களின் பெயர் எனக்கு வாயில் நுழையாது. தலைக்கவசத்தின் நிறத்தில்தான் ஆளை அறிவேன். கீழே ஓடுகிற எழுத்தை நீ வாசிப்பாய். "உன்ட மஞ்சள் மண்டையன் மூண்டாவது. ரயர் மாத்தப் போறானாம். இண்டைக்கு அவன்ட கதை முடிஞ்சுது." முடியாது என்று நான் கத்துவேன். குசினிக்குள் இருந்து உன் மனுசி, அப்போது அவள் இருந்தாள், "ரெண்டு கிழடும் வாயை மூடுங்கோ" என்பாள்.

சிங்கப்பூர்க் கதையைத் தொடக்கினது நீதான். அதை மறந்துவிடாதே. "இரவில, லைற் போட்டு, தெருவிலயே ஓட்டுறாங்கள் மச்சான். மகள் அங்கதானே இருக்கிறாள். சாக முதல் ஒருக்காப் போய்ப் பாப்பம்." நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படியொரு ஆசை இருக்கவில்லை. நீதான் கொண்டுவந்து வைத்தாய்.

வவுனியாவுக்கு பஸ்ஸில் போய் இரண்டு பேரும் பாஸ்போட் எடுத்தோம். எனக்குக் கைநாட்டு. "இந்தப் பெருவிரலைப் பாத்தா சிங்கப்பூர்க்காரன் லொறிச் சில்லு ஏறின அடையாளம் எண்டு சொல்லப்போறான்" என்றாய். பஸ்ஸில் முன்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிங்கப்பூரில் நெடுநேரம் நிற்கவேண்டி வரும் என்று, முழங்காலைப் பழக்க ஒவ்வொரு பின்னேரமும் கடற்கரை வரை நடந்தோம். நடக்கிற நேரமெல்லாம் எந்த இடத்தில் நிற்கிறது என்றுதான் சண்டை. உனக்கு நேர்த் தெரு வேண்டும். எனக்கு முடக்கு வேண்டும், கார் வளைகிற இடம்.

"நேராப் போறதைப் பாக்க அவ்வளவு தூரம் ஏன்? கந்தளாய் றோட்டில பஸ் போறதைப் பார்" என்றேன்.

"முடக்கில நிண்டு நீ என்ன செய்வாய் தெரியுமே? கிளீனர் புத்தி. 'றைற், றைற்' எண்டு கையைக் காட்டுவாய். அந்தப் பாவி உன்னை நம்பிச் சுவரில விடுவான்."

கடைசியில், பாதி ரேஸுக்கு உன் இடம், பாதிக்கு என் இடம் என்று ஒத்துக்கொண்டோம். கோயிலில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. சாமியார்கூட என்னிடம், "சூசை, அங்க போயும் பூசைக்குப் போகவேணும்" என்று பகிடி விட்டார்.

பிறகு நீ மெல்ல மெல்ல அந்தக் கதையைக் குறைத்தாய். டிக்கற் என்றால், மகள் பார்க்கிறாள் என்றாய். விசா என்றால், பிறகு பார்ப்பம் என்றாய். நானும் பொறுத்துக்கொண்டு நடந்தேன்.

வெளிநாடு போகிறவன் ஊராருடைய சாமானும் கொண்டுபோக வேண்டும், இது எங்கள் வழக்கம். போகிறவன் பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு, நெருங்கின ஆட்களிடம் தானே போய்க் கேட்பான். கேட்காவிட்டால் கோபிப்பார்கள். அன்று பின்னேரம் நடக்க வருகிறாய் என்று நான் சேட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். உன் கையில் வெறும் பை இருந்தது.

"சூசை, மகளுக்கு ஏதும் குடுத்துவிடப் போறியே? பெட்டியில இடம் கிடக்கு."

அவ்வளவுதான் நீ சொன்னது. கூடப் போகிறவனிடம் யாரடா சாமான் கேட்பான்? நிற்கிறவனிடம்தானே கேட்பார்கள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மருமகளுக்கு விளங்கவில்லை. "மாமாவும் வாறார்தானே?" என்று கேட்டாள். நீ கதவு நிலையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அவளின்ட வீடு சின்னன் பிள்ளை. மருமோனும் ஒரு மாதிரி. இந்த முறை ஏலாது."

நான் உள்ளே போய் நல்ல சீலாக் கருவாடாகப் பார்த்து எடுத்துக் கட்டித் தந்தேன். "வடிவா இறுக்கிச் சுத்து, உடுப்பெல்லாம் மணக்கும்" என்றாய். நான் இறுக்கிச் சுற்றவில்லை.

ஆனால் கேள். நீ தனியப் போனதை நான் பொறுத்துக்கொண்டேன். மகள் வீடு, மருமகன் முகம், அதெல்லாம் எனக்கும் தெரிந்த சங்கடம்தான். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவான், எப்போதும் வாசித்துச் சொன்னவன்தானே என்று நினைத்தேன். நீ வந்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ரோசத்தை விட்டு உன் வீட்டுக்கு வந்தனான். கதிரையை உன் கதிரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? ஒண்டுமில்லை மச்சான். இரைச்சல். கம்பி வேலி. சனம். ரீவியில பாக்கிறதுதான் திறம்."

"சத்தம் எப்பிடி? நெஞ்சுக்க அடிக்குமே?"

"சத்தம் சத்தம்தான்." எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, காதுக்குள் வைக்கிற செம்மஞ்சள் பஞ்சுக்கட்டை இரண்டு கொண்டுவந்து தந்தாய். "இது அங்க குடுத்தவங்கள். வைச்சுக்கொள்."

சத்தம் எப்படி என்று கேட்டவனுக்குக் காதை அடைக்கிற சாமான். அதற்குப் பிறகு ரேஸ் நாளில் நீ ரீவியில் செய்தி போட்டாய். நான் வருவதை நிறுத்தினேன். மாரி மழை தொடங்க முதல், சீனி வருத்தம் கூடி ஆசுபத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் மகள் வந்தாள். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"சூசை மாமா, அந்த ரேஸ் பாத்திட்டு வந்து அப்பா எங்களை நித்திரை கொள்ள விடேல்லை. மேசையில கோப்பையளை ஓட்டி ஓட்டிக் காட்டினவர். ஒண்டு விழுந்து உடைஞ்சது. இவருக்குக் கோவம், அப்பாவுக்குச் சிரிப்பு. உங்களுக்கு இன்னும் எவ்வளவு சொல்லியிருப்பார்!"

கோப்பை ஓட்டிக் காட்டினாயா? அந்த மருமகனுக்கு?

அவள் போனைத் திறந்து ஒரு வீடியோ போட்டாள். அவள் பின்னால் நின்று எடுத்தது. உன் தோள், அதற்கு அங்கால் கம்பி வேலி. ஏதோ ஒன்று வெளிச்சமாகக் கடந்து போனது. எந்த இடத்தில் நிற்கிறாய் என்றுகூட அதில் தெரியவில்லை. போனில் சத்தம் கிழிந்து கிழிந்து கேட்டது. நீ இரண்டு கையையும் தூக்கிக் குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளினாய். துள்ளின வாக்கில் பக்கத்துக்குத் திரும்பிக் கத்தினாய்: "சூசை, கண்டனியோடா!" பக்கத்தில் நின்றது யாரோ ஒரு சீனத்து மனுசி. அவள் உன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களே மாமா, அங்கயும் உங்களைத்தான் நினைச்சவர்" என்று உன் மகள் கண்ணைத் துடைத்தாள். அது எனக்கு ஆறுதல் என்று நினைத்தாள். "ஓம் பிள்ளை" என்றேன், அவளுக்காக.

ஆறுதல் இல்லையடா. அது யார் நிற்கவேண்டிய இடம் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் வந்து ஒன்றுமில்லை என்றாய். என்னை நோகடிக்கக்கூடாது என்று மறைத்திருப்பாய். யார் கேட்டது அந்த இரக்கத்தை? எனக்கு ரேஸைச் சொல்லியிருந்தால் போதும். நான் எரிச்சல்பட்டிருப்பேன், உன்னை ஏசியிருப்பேன், பிறகு கதிரையை இன்னும் கிட்ட இழுத்திருப்பேன்.

இப்போது என் மகன் வீட்டு ரீவியிலும் ரேஸ் வருகிறது. கீழே எழுத்து ஓடுகிறது. யாரும் வாசிப்பதில்லை. எனக்கு மிச்சமாக இருப்பது உன் அந்தக் குரல் ஒன்றுதான். நடக்கிறபோதும் கேட்கிறது, பூசையில் முழங்காலில் நிற்கிறபோதும் கேட்கிறது. கண்டனியோடா, கண்டனியோடா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய்.

இல்லையடா. நான் காணவில்லை.