அம்மன் கோயில் செம்பருத்தி

அன்புள்ள அம்மாவுக்குக் காளிதாசனின் வணக்கம்.

கால் வீக்கம் வடிந்ததா? குளுவாங்கில் மழையா? நான் நன்றாக இருக்கிறேன். யாராவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

சின்ன விஷயம்தான். சிடாம் கிரியில் எங்கள் நர்சரிக்குப் பக்கத்து எஸ்டேட் கோயிலைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார்கள். அங்கே செம்பருத்தி வேலி ஆளுயரம் வளர்ந்து பூக்காமல் நின்றது. அம்மனுக்கு விட்ட செடியில் கத்தி படக்கூடாதாம்! செம்பருத்தி புதுக்கிளையில்தான் பூக்கும். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன்.

கோயில் தலைவர் முருகையா குதித்தார். "மொட்டை அடிச்சிட்டியேடா! எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளு. இல்ல, உன் முதலாளி தவுக்கேகிட்ட சொல்லி வேலைய விட்டுத் தூக்கிடுவேன்."

"ஆடித் திருவிழாவுக்குப் பூக்கலன்னா நானே போயிடறேன் லா, அண்ணே. மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டேன்."

வெட்டிய குச்சிகளை நர்சரியில் பைகளில் நட்டுவைத்தேன். முருகையாவின் மனைவி யோகேஸ்வரி அக்கா தனியாக வந்தார். "தம்பி, அவருகிட்ட சொல்லாத. எனக்கு ரெண்டு குச்சி குடு லா."

"கோயில்ல அவரு முன்னாடி கேளுங்க, தரேன்."

வெள்ளிக்கிழமை பூசையில் அப்படியே கேட்டுவிட்டார்! முருகையா முன்னாலேயே இரண்டு குச்சி கொடுத்தேன். வேலியும் இன்று தளிர் விட்டிருக்கிறது. நான் எங்கும் போகப்போவதில்லை.

நம் வீட்டு வெள்ளைச் செம்பருத்தியில் பென்சில் கனத்தில் இரண்டு குச்சி வெட்டி, இலையைக் கிள்ளி, ஈரத்தாளில் சுற்றி அனுப்புங்கள். அந்தத் தாளிலேயே நான்கு வரி எழுதுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் கரைந்துவிடும். பென்சிலில் எழுதுங்கள்.

செடி ஏற்ற லாரி வந்துவிட்டது.

காளிதாசன்