அண்ணாந்து குடிக்கிறவர்

அன்புள்ள ஹம்சாவுக்கு,

போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்டைக்குக் கொடுத்த ரேடியேஷன் முடிந்த பிறகு அப்பா இருமாமல் காபி குடிக்கிறார் என்று உன்னிடம் சந்தோஷமாகச் சொன்னேன் அல்லவா? இன்று ஆஸ்பத்திரியில் அவர் எப்படி விழுங்குகிறார் என்று பரிசோதித்தார்கள். ஏதோ வெள்ளை மருந்தைக் குடிக்கச் சொல்லி, அது இறங்குவதை எக்ஸ்ரே திரையில் காட்டினார்கள். அப்பா வழக்கம்போல் டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். அதில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கியது. இருமலே வரவில்லை. தொண்டையில் உணர்ச்சி இல்லையாம். காபியும் இத்தனை நாள் அப்படித்தான் போயிருக்கும்.

“தலையைத் தூக்காதீங்க சார். குனிஞ்சு, உதட்டுல வச்சுக் குடிங்க” என்றாள் பரிசோதித்த பெண்.

“எச்சில் பண்ணிக் குடிக்கறதா?” என்று அப்பா என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து டம்ளரில் உதடு படாதவர். அவளிடம் நான் என்னவென்று சொல்ல?

சாயங்காலம் வெகுநேரம் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் குனிந்து, உதட்டில் வைத்து, ஒரு வாய் குடித்தார். இருமவில்லை.

“ஏன்னா, சரியா இறங்கித்தா?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியலை. நீதான் பார்த்துச் சொல்லணும்” என்றார்.

அம்மா