அம்மா அறையில் கறுப்பி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. சாப்பிடுகிறேன், நடக்கிறேன், கோபப்படுகிறேன், ஆகவே நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே அப்புறம் பேசுறேன்பா என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

அம்மா போன பிறகு எனக்குத் துணைக்கென்று நீ விட்டுப்போன நாய்க்குட்டி கறுப்பி முதல் தடவையாகப் பருவத்துக்கு வந்திருக்கிறாள். இதைக் கேட்டதும் நீயும் உன் அண்ணனும் பேசி, அப்பாவால் சமாளிக்க முடியாது, நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் இருவரையும் சமாளித்தவன் நான். முதலில் பின்பக்கம் வீங்கியது, ஓயாமல் நக்கினாள், தரையெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். காயமோ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினேன். நாய் டாக்டரம்மா சிரித்துவிட்டு, ஐயா உங்க பொண்ணு பெரியவளாயிட்டா, மூணு வாரம் போல வெளியே விடாதீங்க, குட்டி சுமக்க இன்னும் உடம்பு தேறல என்றார். ரத்தம் வெளுத்துக் குறைந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கொல்லைக் கதவைத் திறந்தேன். தெருநாய்கள் காத்திருந்தன, இவள் வாலை ஒதுக்கிக்கொண்டு போய் நின்றாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மாடியிலிருந்து, பெரியவரே பிடிங்க, இப்பத்தான் அது சேர விடுற நேரம் என்று கத்தியிராவிட்டால் காரியம் கெட்டிருக்கும். டாக்டரம்மா இதை முழுதாகச் சொல்லாதது என் தப்பா? பிடித்து உள்ளே கொண்டுவந்தேன், ஆனால் அந்தக் கொல்லைத் தாழ்ப்பாளை அவள் தலையால் முட்டியே திறந்துவிடுவாள். வீட்டில் உறுதியான கதவு அம்மா அறைக்கு மட்டும்தான். அம்மாவைத் தூக்கிப்போன நாளிலிருந்து நான் திறக்காத கதவு. திறந்து அவளை உள்ளே விட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வீட்டில் நிலைகொள்ளவில்லை. கடைசியில் அம்மாவுக்குப் பேச்சு நின்றுபோய், ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவாள். உனக்குத் தெரியாது, நீ அங்கே உன் வீட்டில் இருந்தாய். கறுப்பி கட்டிலுக்கு அடியில் படுத்து வாலால் அதே சட்டத்தைத் தட்டுகிறாள். அதே சத்தம், அதே இடைவெளி. நான் அடுப்படியிலிருந்து இதோ வந்துட்டேன் இரு என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் டம்ளரோடு போய் நின்றுவிட்டேன். கட்டில் காலியாக இருந்தது. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நாய்கள் குரைக்காமல் உட்கார்ந்திருந்தன, துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி. முதலில் அந்தச் சத்தம் பயமாக இருந்தது. இப்போது அது நின்றால் பயமாக இருக்கிறது.

ஆறேழு மாதத்துக்கு ஒரு தடவை இப்படி வருமாம், வரட்டும். கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, இனி அவளை எங்கே வேண்டுமானாலும் விடலாம். ஆனாலும் அந்த அறையில்தான் படுக்கவைக்கிறேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருகிறானாம். வரட்டும், சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். கறுப்பியைக் கொடுக்க மாட்டேன். மறக்காமல் நீயே அவனிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் சண்டைதான் வரும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க என் ஆசி. எனக்கு வேறொன்றும் வேண்டாம், இந்த வீட்டில் யாராவது கூப்பிட வேண்டும், நான் எழுந்து போக வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் பிடிவாதம் குறையாத உன் அப்பா