எடைக்குப் போன பீங்கான் நூலகம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை நம் பீங்கான் துறையின் ஆண்டுவிழா மலர் திருத்துவதற்காக என் மேசைக்கு வந்தது. மை வாசனை இன்னும் போகவில்லை. அதில் நம் நூலகத்தின் வரலாறு ஒரு பக்கம். 'தொடங்கிய நாள் முதல் தடையின்றி இயங்கி வருகிறது' என்று எழுதியிருந்தார்கள். தடையின்றி! அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நடந்ததை ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். போடுவார்களோ என்னவோ. உங்களிடமாவது முழுதாகச் சொல்லவேண்டும் போலிருக்கிறது. கடைசியில் நடந்தது உங்களுக்கே தெரியாது.

சூளைக் கொட்டகையை ஒட்டிய அறையில் ஒற்றை அலமாரியோடு தொடங்கிய நூலகம் அது என்பீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு நூலகரான உங்களுக்கு நான் உதவியாளராக வந்து சேர்ந்தபோது அறை நிறைந்து வழிந்தது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் கொடுத்த தொகுப்புகள், மண்ணையும் மெருகையும் பற்றிய வெளிநாட்டு இதழ்கள், பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகள். மாணவர்கள் மட்டுமா வந்தார்கள்? "சூளையில வச்ச கப்பு பூரா வெடிச்சிப் போவுது மேடம்" என்று ஒரு பட்டறைக்காரர் வந்து நின்றார். நீங்கள் ஒரு பழைய இதழை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னீர்கள். அவர் சூளை அதற்குப் பிறகு சரியானது.

அந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து நாம் இருவரும் கதவைத் திறந்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. அலமாரிகள் நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அறை மாறி வந்துவிட்டோமோ என்று நான் வெளியே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"லாரி வந்திச்சிம்மா," என்றார் காவலாளி. "புதுப் புக்கெல்லாம் பெரிய லைப்ரரிக்குப் போயிடுச்சி. பழசு பூரா எடைக்குப் போட்டுட்டாங்க. ஒங்களுக்குச் சொல்லலியா?"

நான் அழுதுவிட்டேன். உங்கள் தோளிலிருந்து பை நழுவி விழுந்தது, நீங்கள் குனிந்து எடுக்கவில்லை. "எந்தக் கடை?" என்று மட்டும் கேட்டீர்கள்.

ரயில் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய காகிதக் கிடங்குக்கு ஆட்டோவில் ஓடினோம். பெண்கள் உட்கார்ந்து ஆய்வேடுகளின் அட்டையைக் கிழித்து ஒருபுறமும், தாளை ஒருபுறமும் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்க!" என்று கத்தினீர்கள். உங்கள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். கடைக்காரர் திகைத்துப்போனார்.

"வேணுங்கிற பொருளுன்னா ஏம்மா தூக்கிப் போட்டாங்க? பாதி பேப்பர் மில்லுக்குப் போயிடுச்சே. இருக்கறத எடுத்துக்கிட்டுப் போங்க."

தன் வண்டியிலேயே ஏற்றியும் அனுப்பினார். கப்பு வெடித்த அந்தப் பட்டறைக்காரர் நூல்களை வைத்துக்கொள்ளத் தன் காலிக் கொட்டகையைத் திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் உங்களுக்கு உத்தரவு வந்தது. பல்கலைக்கழகச் சொத்தை அனுமதியின்றி எடுத்துச் சென்றதற்காகப் பணியிடை நீக்கம். தூக்கி எறிந்தவர்கள், பொறுக்கி எடுத்தவரைத் தண்டித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தும் என்னால் நம்ப முடியவில்லை. நீங்களோ, "நீ சாப்ட்டியா?" என்றீர்கள். அதன்பிறகும் உங்கள் ஊரான மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் அதே பஸ்ஸில் வந்தீர்கள், கொட்டகைக்கு. மாலையில் நானும் வந்து சேர்ந்துகொள்வேன்.

மழைக்காலத்துக்கு முன் பீங்கான் படிப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க ஒரு குழு வந்தது. நூலகம் எங்கே என்று கேட்டார்கள். அப்போதுதான் அதிகாரிகளுக்கு நம் கொட்டகை நினைவுக்கு வந்தது. நூல்கள் பழைய அறைக்கே திரும்பின. உங்கள் தண்டனையும் ரத்தானது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "புக்கு வந்துடுச்சில்ல, வுடு" என்றீர்கள்.

அந்த மழைக்காலத்திலேயே, வேலைக்கு வரும் வழியில், பஸ்ஸில் சாய்ந்த நீங்கள் எழவே இல்லை. தொலைபேசியில் சொன்னவரிடம், "இல்லிங்க, இப்ப வந்துடுவாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வாசலைப் பார்த்தபடி நின்றிருந்தேன், அக்கா.

துபாயிலிருந்து உங்கள் கணவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நான் உங்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் என்னிடம் கேட்டார்: "வேலையில அவளுக்குக் கஷ்டம் எதுனா இருந்துச்சாம்மா?"

சொன்னேன்.

"வேலைய வுட்டு நிறுத்தினாங்களா? வாராவாரம் பேசுவாளே! ஸ்டூடண்ட்ஸு வராங்க, நல்லா இருக்கேன்னுதானே சொன்னா. வூட்ல யாருக்குமே தெரியாதேம்மா."

மறுநாள் நூலகத்துக்கு வந்தார். அலமாரிகளுக்கு நடுவே மெதுவாக நடந்தவர், அட்டை கிழிந்த ஆய்வேடுகளின் முன் நின்றுவிட்டார். கொட்டகையில் நீங்கள் அட்டைக்குப் பதில் துணி ஒட்டிக் கட்டியவை. பூப்போட்ட ஊதாத் துணி, வரிசை முழுக்க.

"இது நான் அனுப்புன துணி," என்றார். "சுடிதார் தச்சிக்கிட்டியான்னு கேட்டேன். நல்லா வேலைக்கு ஆச்சுன்னு சொன்னா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தினமும் மாலை உங்களுக்கு அந்தத் துணியைப் பிடித்துக்கொடுத்தது என் கைகள்தான். வீட்டில் சொன்னீர்களா என்று ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே, அக்கா. இப்போது கேட்கிறேன். அத்தனை மாதமும் யாரிடம் அழுதீர்கள்?