மைனஸ் எழுபத்து மூன்று மீட்டர்

மே 18
விலைக்கு வந்திருக்கும் மேனாம்பேட்டு வீடு பிடித்துவிட்டது. போன பெருமழையிலும் தண்ணீர் படியேறவில்லை என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆபீஸ் கருவியை வைத்து நானே பார்த்தேன். கடல்மட்டத்துக்கு மேல் பதினெட்டு மீட்டர். தெருவே மேடு.

மே 21
என் வீட்டுக்காரர் வெற்றி தன் போனில் ஏதோ ஆப் போட்டுப் பார்த்தார். உயரம் மைனஸ் 73.
"யுவா, இந்த ஊடு கடலுக்கு அடியில கீதுடி!"
சிரித்துவிட்டேன். தப்பு.

மே 22
நில அளவைதான் என் வேலை, பதினோரு வருஷமாக. பொறுமையாகவே சொன்னேன்: செயற்கைக்கோள் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமியை மேலும் கீழும் சற்று அமுங்கிய வழவழப்பான உருண்டை என்று கணக்குக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்து அளக்கிறது. நிஜப் பூமியின் ஈர்ப்பு இடத்துக்கு இடம் மாறும். நம் பக்கம் குறைவு. அதனால் இங்கே கடல்மட்டமே அந்த உருண்டைக்குத் தொண்ணூறு மீட்டர் போலக் கீழேதான்.
"கடலே பள்ளத்துல கீதா? யாருகிட்ட கத வுடுற?"
இவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புவார். மனைவி அளந்தால் மட்டும் கதை!

மே 25
தரகர் ரூபஸ் சென்னீர்குப்பத்தில் வேறு வீடு காட்டினார். அவர் போனில் பிளஸ் 16. "பாத்துக்கோ அண்ணாத்தே, நல்ல மேடு." வெற்றிக்கு முகமெல்லாம் பல்.
அது கடல்மட்டத்துக்குத் திருத்திக் காட்டுகிற போன். "ரெண்டு போனையும் ஒரே எடத்துல வச்சுப் பாருங்க" என்றேன்.
"உனுக்கு எல்லாத்துக்கும் ஒரு வெளக்கம் கீது."
அந்தத் தெரு பக்கத்துத் தெருக்களைவிடப் பள்ளம். தண்ணீருக்கு வேறென்ன தெரிய வேண்டும்?

ஜூன் 12
சென்னீர்குப்பம் வீட்டுக்குப் பத்திரம் முடிந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்? தினம் சண்டை போட்டுச் சலித்துவிட்டது — அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 3
மேனாம்பேட்டு வீடு விலைபோய்விட்டதாம். வாங்கியவர் ரூபஸ்.

டிசம்பர் 2
வீட்டுக்குள் முட்டியளவு தண்ணீர். அரிசி மூட்டை, மிக்சி எல்லாம் கட்டில் மேல். வெற்றி கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். பிளஸ் பதினாறு மீட்டர் — வாய் வரை வந்தது. "பீரோவ அந்தப் பக்கம் புடிங்க" என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 21
தரையை உயர்த்தப் போகிறோம். இரண்டடி போதும் என்றார் கொத்தனார். "இரு மேஸ்திரி, எங்கூட்டம்மா சொல்லட்டும்" என்றார் வெற்றி.
மட்டம் பார்க்கும் கருவியை ஆபீஸிலிருந்து கொண்டுவந்தேன். அவர் தெருமுனையில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாய்ந்திருக்கிறது என்று கத்தினேன். நிமிர்த்தினார்.
"இப்ப சரியா கீதா, யுவா?"
சரியாகத்தான் இருந்தது. இன்னொரு முறை அளந்தேன். கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கட்டும்.