இரண்டு மைக்கேலும் ஒரு கார்டும்

எங்கள் வீட்டுச் சின்னவனே, என் தம்பி மைக்கேலு,

எந்தக் கடிதத்தையும் நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பேன். உன்னிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிவிட்டது. ராயபுரத்தில் வருஷப் பூசைக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அம்மா இப்போதெல்லாம் கோயிலில் முன்னால் போய் உட்காருவதில்லை. தூணுக்குப் பின்னால் நின்று பூசை பார்த்துவிட்டு, கூட்டம் கலைவதற்குள் வெளியே வந்துவிடுகிறாள். ஏன் என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இது உனக்கு எழுதுவதுதான். ஆனாலும் நாளைக் காலையில் கம்பெனி கேட்டில், நோட்டீஸ் பலகையில் ஒட்டப் போகிறேன். ஷிப்டுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும். மெஷின் ரூமில் என்னோடு கார்டு குத்தும் பெண்களும் படிக்கட்டும். அவர்களுக்குச் சொல்லவும் இதில் சில விஷயம் இருக்கிறது.

என் வேலை என்னவென்று நீ கடைசிவரை புரிந்துகொள்ளவே இல்லை. "எங்க அக்கா அட்டையில ஓட்ட போட்டுகினு கீது" என்று உன் பெண்டாட்டி ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரிப்பாய். ஓட்டைதான்டா. கம்பெனியில் ஆளுக்கு ஒரு கார்டு. பேர், இனிஷியல், பிறந்த வருஷம், தெரு, எந்த செக்ஷன், டோக்கன் நம்பர், எல்லாமே அதில் ஓட்டைகள்தான். கார்டுக் கட்டை மெஷினில் கொடுத்தால், அன்றைய ஷிப்டில் யார் யார் என்று லிஸ்ட் அடித்துக் கொடுக்கும். கார்டு இல்லாதவன் லிஸ்டில் இல்லை.

சிக்கல் டோக்கனில்தான் ஆரம்பித்தது. பித்தளை டோக்கனைத் தொலைத்தவனுக்குப் புது நம்பர் கொடுப்பார்கள், புதுக் கார்டு குத்துவோம். பழைய கார்டை எடுக்க மறந்துவிடுவோம். அப்படியே ஒரே ஆள் லிஸ்டில் இரண்டு தடவை வருவான். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு வழி சொன்னார். பேர், இனிஷியல், வருஷம், தெரு நாலும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள். புது நம்பர் இருக்கட்டும், பழையதை எடுத்துவிடு. பிரிக்கிற வேலையை மெஷின் செய்தது. விழுந்த ஒவ்வொரு கார்டையும் பெரிய ரெஜிஸ்டரோடு ஒத்துப் பார்ப்பது என் வேலை.

முதல் கட்டைப் பார்த்தேன். எல்லாமே டோக்கன் தொலைத்தவர்கள். மீதியும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். கை கடுத்தது, சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டது. இதற்கு மேல் சொல்லிக்கொள்ள என்னிடம் காரணம் கிடையாது.

நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பார். முதல் ஆண்பிள்ளைக்குத் தாத்தா பேர். அப்பா அந்தோணி உனக்கு மைக்கேல் என்று வைத்தார். சித்தப்பா ஆரோக்கியமும் தன் தலைப்பிள்ளைக்கு மைக்கேல் என்றே வைத்தார். ஒரே வருஷம், ஒரே தெரு, நாலு மாத வித்தியாசம். வீட்டில் அவன் பெரியவன், நீ சின்னவன். கார்டில் இரண்டு பேருமே ஏ.மைக்கேல். ராயபுரத்தில் பாதி வீட்டில் இந்தக் கதைதான். இது தெரியாமல் போக நான் என்ன வெளியூர்க்காரியா?

திங்கட்கிழமை அந்தக் கார்டுகளை எடுத்தேன். புதன்கிழமை சாயந்திரம் நீயே வந்து சொன்னாய். நான் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"யக்கா, லிஸ்ட்ல ஒரே ஒரு மைக்கேலுதான் கீறான். டைம்கீப்பரு இன்னாடான்னா, 'உன் பேருக்கு டிக்கு போட்டாச்சு, உள்ள போடா'ன்றாரு. இன்னா, என்னை வேலைய வுட்டு தூக்கிட்டாங்களா?"

"மெஷின் தப்பு பண்ணாதுடா. போய் வேலையைப் பாரு."

இதைத்தான் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நீ வேலை செய்யும் பீப்பாய்க் கிடங்கில் தீப்பிடித்தது. எல்லாரையும் மைதானத்துக்கு விரட்டினார்கள். புகையில் எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. டைம்கீப்பர் லிஸ்டை வைத்துக்கொண்டு தொண்டை கிழிய வாசித்தார். "ஏ.மைக்கேல்!" என்றார். "கீறேன் சார்!" என்று ஒரு குரல் வந்தது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். யார் குரல் என்று யோசிக்கவில்லை. ஒரு தடவைதான் வாசித்தார் என்பதும் உறைக்கவில்லை. மாதாவே, என் தம்பி வெளியே வந்துவிட்டான் என்று அழுதேன்.

கத்தியவன் பெரியவன். அவன் லோடிங்கில் இருந்தான். அவன் பேரைக் கூப்பிட்டார்கள், அவன் பதில் சொன்னான். அவன்மேல் என்ன குற்றம்? நீ அந்தப் பக்கம் நிற்கிறாய் என்று நினைத்தானாம். பாவம், அன்றைக்கு வாய் மூடியவன்தான், இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை.

லிஸ்டில் எல்லாருக்கும் டிக் விழுந்தது. உள்ளே ஆள் இல்லை என்றார்கள். காற்று உள்ளே போனால் தீ இன்னும் பிடிக்கும் என்று கிடங்கின் இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள். இருட்டுவதற்கு முன் திறந்தார்கள். நீ கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தாய். தட்டினாயாடா? எவ்வளவு நேரம் தட்டினாய்?

உன் கையில் ஒரு பித்தளை வால்வு இருந்தது. பம்புக்கு மாட்ட எடுத்து வந்திருப்பாய். ஆனால் கம்பெனி காகிதத்தில் உன் பேர் திங்கட்கிழமையே நீக்கப்பட்டிருக்கிறது. வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் உள்ளே ஏன் போனான், பித்தளையை ஏன் எடுத்தான்? ஊருக்கு அது போதாதா? குழாயடியில் ஸ்டெல்லா காதுபடப் பேசினார்கள். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உன் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் கடிக்கிறாள்.

நான் சூப்பர்வைசரிடம் போய்க் கேட்காமல் இல்லை. "நீக்கினது ஆபீஸ் முடிவும்மா. இதைத் தோண்டாதீங்க" என்றார். நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பெரியவனுக்கு ஆகட்டும் என்று ஸ்டெல்லா உன் சட்டைகளைக் கொடுத்தனுப்பினாள். ஒன்றை மட்டும் அவள் துவைக்கவே இல்லை. அதன் பையில் மடங்கிய கார்டு ஒன்று இருந்தது. பின்பக்கம் பென்சிலில் என் கையெழுத்து: நெத்திலி, தேங்காய்ப் பத்தை, கறிவேப்பிலை. கழித்த கார்டுகளை மளிகைச் சீட்டு எழுத வீட்டுக்குக் கொண்டு வருவோமே, அதில் ஒன்று. திங்கட்கிழமை நான் அள்ளிக்கொண்டு வந்த ஒரு கைப்பிடிக் கார்டுகளில் ஒன்று. செவ்வாய்க்கிழமை அதை உன்னிடம் கொடுத்துத்தான் கடைக்கு அனுப்பினேன்.

திருப்பிப் பார்த்தேன். ஓட்டைகளை விரலால் தடவியே என்னால் படிக்க முடியும். ஏ.மைக்கேல். பீப்பாய்க் கிடங்கு. வேலையை விட்டு நீக்கிய ஆள் கார்டில் கடைசிக் கட்டத்தில் ஒரு ஓட்டை போட்ட பிறகுதான் வெளியே எடுப்போம். உன் கார்டில் அந்த ஓட்டை இல்லை. உன்னை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை மைக்கேலு. உங்க அக்கா கார்டுக் கட்டிலிருந்து எடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்து கேட்டிருக்கிறாய்.

இரண்டு மாதமாக அதை பைபிளுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். அதைவிட, அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம். உன்மேல் திருட்டுப் பட்டம் இருக்கட்டும், என்மேல் பழி வேண்டாம் என்று இரண்டு மாதம் சோறு தின்றிருக்கிறேன். தூ!

மெஷின் ரூம் பெண்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. பேரை வைத்து ஆளை முடிவு செய்யாதீர்கள். நம்பரில் தப்பிருந்தால் நம்பரைத் திருத்துங்கள். எடுக்கிற கார்டில் கடைசிக் கார்டுவரை ரெஜிஸ்டரில் பாருங்கள், முதல் கட்டு சரியாக இருந்தது என்பது ஒரு சாட்சியே இல்லை. எடுத்ததை உடனே கழிக்காதீர்கள். ஏன், யார் சொல்லி எடுத்தோம் என்று எழுதி, கயிறு கட்டி ஒரு மாதமாவது வையுங்கள். எடுத்தவளே சரிபார்க்கக் கூடாது, இன்னொருத்தி பார்க்கட்டும். புது லிஸ்டை கேட்டுக்கு அனுப்புவதற்குமுன் பழைய லிஸ்டோடு பக்கத்தில் வைத்து, யார் குறைகிறார்கள் என்று பாருங்கள். லிஸ்டில் என்னைக் காணோம் என்று ஒருவன் வந்து நின்றால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள்.

மீன் தண்ணி பட்ட அந்தக் கார்டு இனி மெஷினுக்குள் போகாது. இன்றைக்கு அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று குத்தினேன். சரிபார்க்க மும்தாஜிடம் கொடுத்தேன், வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிற பெண்.

"யாருதுக்கா இது?"

"என் தம்பிது."

அவள் ரெஜிஸ்டரைப் பிரித்தாள். ஒரு தடவை பார்த்தாள், திரும்பவும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

நாளை விடிந்ததும் முதலில் காசிமேட்டுக்குப் போவேன். பழைய கார்டை ஸ்டெல்லா கையில் கொடுத்து, நடந்ததை என் வாயால் சொல்வேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அங்கிருந்து கம்பெனிக்கு. புதுக் கார்டை, தீப்பிடித்த அந்த வியாழக்கிழமைக் கட்டில் சேர்த்து லிஸ்ட் அடித்து, இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். பிறகு கேட்டில் நின்று, ஷிப்டு உள்ளே போகும் நேரத்தில் அதை உரக்க வாசிப்பேன். யார் தடுத்தாலும் சரி. முதல் ஏ.மைக்கேலுக்குப் பெரியவன் பதில் சொல்வான், அவனிடம் கேட்டுவிட்டேன். இரண்டாவது ஏ.மைக்கேலையும் கூப்பிடுவேன். யாரும் பதில் சொல்லாததை எல்லாரும் கேட்கும்வரை அங்கேயே நிற்பேன். இது சத்தியம்டா.

உன் கார்டை எடுத்தவள்,
உன் அக்கா ரோஸி